உள்ளே வராத பிள்ளை

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கிண்கிணி பொம்மைக் கடையில், வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது பொம்மை அல்ல, ஒரு பெரிய நீலப் பாய். அதன் மேல் சாவி கொடுத்தால் தத்தும் தவளையும், சக்கரம் கழன்ற ரயிலும், மூடி தொலைந்த சமையல் சாமானும் பிரித்துப் போட்டபடி கிடக்கும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எந்தப் பிள்ளையும் உட்கார்ந்து விளையாடலாம். முதலாளி வெங்கடாசலம் வைத்த வழக்கம் அது. பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி என்று ஊர் ஊராகக் கடை திறந்தபோதும் எல்லா இடத்திலும் பாய் விரித்தார். சந்தைக்கு வந்தவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வருவார்கள்.

காரிமங்கலத்துப் பாய்க்குப் பொறுப்பு பூவிழி. வருகிற பிள்ளையின் பேரைக் கேட்பாள், கூடவே தரையில் உட்காருவாள், தவளைக்குச் சாவி கொடுப்பாள். தவளை தத்தினால் அவளும் கை தட்டுவாள். கிளம்பும் நேரத்தில் எந்தப் பிள்ளையும் அழாமல் போனதில்லை. கல்லாவில் இருந்த நிர்மலாதேவி சொல்வாள்: "ஆசுபத்திரிக்கு நேர் எதிர்மாறு நம்ம கடை. சிரிச்சுக்கிட்டே உள்ள வந்து அழுதுக்கிட்டே வெளிய போவுதுங்க."

இந்தப் பாயில் உட்காராத பிள்ளை ஒன்றே ஒன்று. பூவிழி பெற்ற கவிப்பிரியா.

பூவிழி வேலைக்குச் சேர்ந்தபோது மகளுக்கு மூன்று வயது. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் வருவதைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டான். சேர்ந்த அன்று முதலாளி சொன்ன ஒரு வார்த்தையைப் பூவிழி கல்லில் வெட்டியதுபோல வைத்துக்கொண்டாள்: வேலை செய்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கடைக்குள் கூட்டி வரக் கூடாது. பக்கத்து வீட்டு ராமக்காளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது, பிறகு கல்லூரி. இப்போது கவிப்பிரியா ஓசூரில் ஒரு கம்பெனி விடுதியில் இருந்துகொண்டு செல்போன் பாகங்கள் பூட்டுகிறாள்.

கடை நொடித்ததற்கு ஒரே காரணம் என்று சொல்வதற்கில்லை. கொரோனாவில் மூடியபோது பழகிப்போன ஜனம், திறந்த பிறகும் செல்போனிலேயே பொம்மை வாங்கியது. வங்கிக் கடன் நெருக்கியது. ஒவ்வொரு ஊராக அடைத்துக்கொண்டே வந்து, கடைசியாகக் காரிமங்கலத்திலும் 'அனைத்தும் பாதி விலை' என்று துணி கட்டினார்கள். மிஞ்சுவதை அலமாரியோடு அள்ளிக்கொள்ளச் சேலத்து வியாபாரி ஒருவர் பேசி முடித்திருந்தார்.

சரக்கைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வெங்கடாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா பூவிழி, ரொம்ப நாளா கேக்கணும்னு. உம் புள்ளைய ஒருநாள்கூட இங்க நீ கூட்டியாந்ததே இல்லியே. எதுக்கு?"

"நீங்கதானுங்க மொதலாளி சொன்னீங்க, வேல செய்யறவங்க புள்ளைங்க வரப்படாதுன்னு."

"நீ சேந்தது தீவாளி சமயம். கூட்டத்துல புள்ளைங்க மிதிபடும்னு அந்த வாரத்துக்குச் சொன்னதும்மா அது. நிர்மலா புள்ளைங்க ரெண்டும் இங்கயே உழுந்து பொரண்டு வளந்துதுங்களே, நீ பாக்கலியா?"

பார்த்துத்தான் இருந்தாள். நிர்மலாதேவி படித்தவள், கல்லாவில் உட்காருகிறவள், அவளுக்கு வேறு சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு கரடிப் பொம்மையைப் பெட்டிக்குள் வைத்தாள். அது தலைகீழாக விழுந்தது. அதைத் திருப்பக்கூடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டாள்.

"கடைய எடுக்கறாங்க கவி. ஞாயித்துக்கெழமை கடைசி. ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?"

"எனக்கு எதுக்கும்மா இப்ப பொம்ம?"

"பொம்மைக்கு இல்ல. சும்மா, உள்ள வந்து பாக்கறதுக்கு."

"ஷிப்ட் இருக்கும்மா. லீவு கேட்டா அந்த சூப்பர்வைசரம்மா மூஞ்சிய பாக்க முடியாது."

"கேட்டுத்தான் பாரேன்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பூவிழி பாயை மட்டும் யாருக்கும் விற்றுவிடாமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு மழலையர் பள்ளிக்காரர் வந்து பாயையும் அதன்மேல் கிடந்த அத்தனையையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். விற்பதற்குத்தானே கடை விரித்திருக்கிறது, அவள் எதைச் சொல்லித் தடுப்பாள்?

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல், சேலத்து ஆட்கள் அலமாரிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கவிப்பிரியா வந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். பாய் கிடந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"ஒன்னும் இல்ல கவி. எல்லாத்தையும் தூக்கிட்டாங்க," என்றாள் பூவிழி. "முன்னாடியே கூட்டியாந்திருக்கலாம். நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். வரப்படாதுன்னு நெனச்சுட்டேன்."

"நான் பாத்திருக்கேம்மா."

"எங்க பாத்த?"

"எதுத்தாப்புல பஸ்ஸுக்கு நிப்போம் இல்ல, ஸ்கூல் விட்டு. கண்ணாடி வழியா தெரியும். வேணும்னே ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு நிப்பேன்." அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பொம்மைய பாக்க இல்ல. நீ கை தட்டிச் சிரிப்ப. வூட்டுக்கு வந்தா அலுப்பா படுத்துக்குவ. இங்கதான் அப்படிச் சிரிப்ப."

பூவிழி சேலை முந்தானையைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். எந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தபோது தன் பிள்ளை வெளியே நின்றிருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒரு முகமும் பிடிபடவில்லை.

கவிப்பிரியா போய் அந்த வெறும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் கையால் தட்டிக் காட்டினாள். பூவிழியும் உட்கார்ந்தாள்.

"புள்ளைங்க வந்தா மொதல்ல என்ன பண்ணுவ?"

"பேரக் கேப்பேன்."

"கேளு."

"போடி."

"கேளும்மா."

அலமாரிப் பலகையைத் தூக்கி வந்த ஆள், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்றான். இருவரும் நகரவில்லை. அவன் சுற்றிக்கொண்டு போனான். பூவிழி வாயைத் திறந்தாள். அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்விதான் அது.

"கவிப்பிரியா," என்றாள் மகள், அவள் கேட்டுவிட்டதைப் போலவே.