செம்பூருக்கு மூவாயிரத்து அறுநூறு சுற்று

ஞாயிறு காலை 6.40. தாராவி மெயின் ரோட்டில் வாடகை சைக்கிள் எடுத்தோம், மணிக்கு 25 பைசா. மிதித்தவன் என் பள்ளித் தோழன் செல்வராஜ். மாதுங்காக்காரனான நான் கேரியரில். செம்பூரைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வீடு ஐந்து மைலாவது தள்ளியிருந்தால்தான் குவார்ட்டர்ஸ். "நாலரைதான் இருக்கும்" என்று குமாஸ்தா மனுவைத் திருப்பிவிட்டார். வீட்டிலோ ஒரே அறை, எட்டுப் பேர். கல்யாணமாகி மூன்று மாதம். அவனுக்கும் எஸ்தருக்கும் ஒரு சேலைத் தடுப்புதான் தனியறை.

சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம். அதை 22/7-ஆல் பெருக்கினால் சுற்றளவு 88. ஒரு சுற்று உருண்டால் 88 அங்குலம் போயிருப்போம். மைலுக்கு 720 சுற்று. ஐந்து மைலுக்கு 3,600. கம்பிகளுக்கு நடுவே அட்டை செருகினேன். சுற்றுக்கு ஒரு 'டக்'. நூறு ஆனால் நோட்டில் ஒரு கோடு.

7.05, சயான். "சாயா குடிப்பமால?" என்றான்.

"பேசாதடா, எண்ணிக்கிட்டிருக்கேன்!"

சுனாபட்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்லவேளை, நிற்கிற சக்கரத்துக்குக் கணக்கில்லை.

7.50, தொழிற்சாலை வாசல். 3,640! செல்வராஜ் விசிலடித்தான். அப்போதுதான் டயரைப் பார்த்தேன். இரண்டு பேர் பாரத்தில் அடியில் நசுங்கியிருந்தது. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 88 வருமா? அதே பாரத்தோடு பத்துச் சுற்று உருட்டி, காவலாளியிடம் டேப் கேட்டு அளந்தோம். 73 அடி 4 அங்குலம் வரவேண்டியது, 72 அடிதான் வந்தது. மொத்தத்தில் ஐந்து மைலுக்கு 64 கஜம் குறைவு.

"ஒனக்கு ஏம்ல இந்த வேல? பாக்காம இருந்திருக்கலாம்லா?"

"அவங்க அளந்து பாத்தா?"

செல்வராஜ் வந்த வழியே திரும்பி மிதித்தான். சைக்கிள் கடையில் இறங்கியதும் ஒரு சந்துக்குள் நடந்தான்.

"எங்கடா போற?"

"வீட்டுக்குத்தான். சைக்கிள் கடையிலயா குடும்பம் நடத்துதேன்?"

திகைத்து நின்றேன். வீட்டிலிருந்து எண்ணாமல், சைக்கிள் ஏறிய இடத்திலிருந்தல்லவா எண்ணியிருக்கிறேன்! மாதுங்காவில் எங்கள் வீட்டு வாசலே ரோடு. எனக்கு வேறு எப்படித் தோன்றும்?

வண்டியை மறுபடி வாங்கி உள்ளே தள்ளினோம். ஆள் ஏறாததால் இப்போது முழு 88. குறைந்த 64 கஜத்துக்கு இருபத்தேழு சுற்று வந்தால் போதும். குடத்தோடு எதிரே வந்த பெண்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் சந்தே சேர்ந்து எண்ணியது. இருபத்தேழு வந்தது. வீடு வரவில்லை. செல்வராஜ் சிரிக்கத் தொடங்கினான். நாற்பத்தொன்றில் வாசல், நூறு கஜம்.

"அடுப்பு வரைக்கும் உருட்டுங்கண்ணே, இன்னும் ஒண்ணு கூடும்" என்றாள் எஸ்தர்.

"வாசல் போதும்மா" என்று, அவள் நீட்டிய மனுவில் எழுதினேன்: ஐந்து மைல், முப்பத்தாறு கஜம்.