இரவல் வகுப்பு

1. மேனேஜர் உத்தரவு

“நாளைக்கு உம் புள்ளைங்க ஒருத்தரும் பள்ளிக்கோடத்துப் பக்கம் தலை காட்டக் கூடாது, வாத்தியாரே” என்றார் மேனேஜர்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். துணிக்குக் கண்ட்ரோல், அளந்துதான் கிடைக்கும். இண்டூருக்கு அந்தப்புறம் ஒரு எய்டட் பள்ளிக்கூடம். ஊர்க்காரர் ஒருவர் நடத்துவார், சர்க்கார் கிராண்ட் கொடுக்கும். நடத்துகிறவரை மேனேஜர் என்போம். அதில் நான் ஒன்றாம் வகுப்பு வாத்தியார். படித்தது எட்டாவது. அதற்கு மேல் கொஞ்சம் டிரெயினிங். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வருஷம் பட்டணத்து டிரெயினிங் காலேஜும் ஜில்லா போர்டும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. காலேஜில் புதிய பாடமுறை ஒன்று வைத்திருந்தார்கள். அதைக் கிராமத்துப் பள்ளிகளில் நடத்திப் பார்க்க வேண்டும். எங்களைத் தர்மபுரிக்குக் கூப்பிட்டு ரெஃப்ரெஷர் கோர்ஸ் நடத்தினார்கள். நடத்தியவர் லெக்சரர் அம்மா ஒருவர். வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. அவர் சொன்னது இது. அரிச்சுவடியில் தொடங்காதே. பிள்ளையைப் பார்த்து “இன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று கேள். அது சொல்வதை அப்படியே போர்டில் எழுது. அதையே படிக்க வை. பிறகு சொல்லைப் பிரி, எழுத்தைப் பிரி.

எனக்கு நம்பிக்கை இல்லை. செய்தேன். “எங்க ஆடு குட்டி போட்டுது” என்று எழுதினேன், படித்தார்கள். “ஆயாவுக்குக் காய்ச்சல்” என்று எழுதினேன், படித்தார்கள். பிரம்பு அலமாரி மேலேயே கிடந்தது.

மேனேஜர் சொன்ன நாளைக்குத்தான் அந்த அம்மா பார்க்க வருகிறார். கல்வி இலாகா டெபுடி இன்ஸ்பெக்டரும் கூட வருகிறார். முறை பலித்திருந்தால் தாலூக்கா முழுக்க வரும். பலிக்கவில்லையென்றால் எல்லாப் பள்ளியிலும் பழையபடி பிரம்பும் கூச்சலும்தான்.

“ஏனுங்க வரக் கூடாது?” என்றேன்.

“ஏனா? கண்ணத் தொறந்து பாரு. பாதிப் பேரு கடலைக் காட்டுல. மீதிப் பேருக்கு மேலுக்குச் சட்டையில்ல. டெபுடி பாத்தா கிராண்ட வெட்டிப்புடுவாரு. கடத்தூர் பக்கத்துலேருந்து நல்ல புள்ளைங்களா வண்டியில வருது. எல்லாத்துக்கும் சட்டை இருக்குது.”

எங்கள் தொழிலில் இது வழக்கம். இன்ஸ்பெக்ஷன் என்றால் பள்ளிக்குப் பள்ளி பிள்ளைகளை இரவல் கொடுப்பார்கள். கூலி பெப்பர்மிண்ட்.

“அந்தப் புள்ளைங்களுக்கு இந்த முறை தெரியாதுங்களே.”

“படிக்கிற புள்ளை எதையும் படிக்கும். வர்றது ஒரு பொம்பளை. என்னத்தக் கேட்டுப்புடப் போவுது?”

நான் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

2. பேர் மாறிய பிள்ளைகள்

காலையில் வண்டி வந்தது. மேனேஜர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பேர் கொடுத்தார். “நீ மாதப்பன். நீ பாப்பாத்தி. மறந்தீங்கன்னா பெப்பர்மிண்டு கெடையாது.”

டெபுடி நாற்காலியில் உட்கார்ந்தார். லெக்சரர் அம்மா உட்காரவில்லை. நேராகப் பிள்ளைகளிடம் போனார்.

“உன் பேரென்னம்மா?”

அந்தப் பெண் மேனேஜரைப் பார்த்தது. “பாப்பாத்திங்க.”

“இன்னிக்கு என்ன நடந்துச்சு, பாப்பாத்தி?”

“வண்டியில வந்தோமுங்க.”

மேனேஜர் இருமினார். அம்மா அதைப் போர்டில் எழுதினார். “இப்ப நீயே படி.”

அந்தப் பெண் கைகட்டி நின்று, கண்ணை மூடி, “அணில், ஆடு, இலை, ஈ” என்று பாடியது. அடுத்த பையனும் அதையே பாடினான். அதற்கடுத்தவனும் அதையே. புத்தகம் முழுக்க மனப்பாடம். போர்டில் இருப்பது ஒருவனுக்கும் தெரியவில்லை.

அம்மா சாக்பீஸைக் கீழே வைத்தார். முகம் வாடிவிட்டது. டெபுடியிடம் மெதுவாகச் சொன்னார். “பலிக்கல சார். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது சரிவராதுன்னு எழுதிட வேண்டியதுதான்.”

“நான் அப்பவே சொன்னேங்க” என்றார் டெபுடி.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் என் பிள்ளைகளால் முடியாது என்று பட்டணத்தில் எழுதி வைப்பார்கள்.

“இவங்க என் புள்ளைங்க இல்லீங்கம்மா” என்றேன்.

டெபுடி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“வாத்தியாருக்கு ராவெல்லாம் காய்ச்சலுங்க. ஒளறுறாரு” என்றார் மேனேஜர்.

டெபுடி முன்வரிசைப் பையனை உற்றுப் பார்த்தார். “ஏன்டா, போன வாரம் கடத்தூர்ல உம் பேரு பெருமாளாச்சே?”

“ஆமாங்க. இன்னிக்கு மாதப்பனுங்க” என்றான் அவன்.

டெபுடிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை.

“உங்க பிள்ளைங்க எங்கே?” என்று என்னைக் கேட்டார்.

“கடலைக் காட்டுலங்க.”

“வாங்க, போகலாம்.”

3. கடலைக் காடு

நல்ல வெயில். நான் முன்னால் நடந்தேன். என் பக்கத்தில் வந்த மேனேஜர், “ஒன் சோத்துல நீயே மண்ணப் போட்டுக்கிட்டே” என்றார்.

பிள்ளைகள் அம்மாமாரோடு கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். பையன்கள் இடுப்பில் கோவணம், எல்லார் உடம்பிலும் செம்மண்.

கடலை பிடுங்கிய இடத்திலேயே லெக்சரர் அம்மா குந்தினார். புடவையில் மண் ஒட்டியது. கையால் மண்ணைச் சமன் செய்தார். உண்மையான பாப்பாத்தியைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு என்ன நடந்துச்சும்மா?”

பாப்பாத்திக்குப் பயம் தெரியாது. “மேனேஜரு பள்ளிக்கோடம் வராதேன்னுட்டாரு.”

அம்மா ஒரு குச்சியால் அதை அப்படியே மண்ணில் எழுதினார். தூரத்தில் கடைசி உழவுச்சாலில் நின்ற மாதப்பனை வரச் சொன்னார். பாப்பாத்தி சொன்னது அவன் காதில் விழுந்திருக்காது.

“படி.”

அவன் குனிந்தான். “மேனேஜரு” என்றான். நின்றுவிட்டான். மேனேஜரை நிமிர்ந்து பார்த்தான். அவர் கண் சிவந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

“மேனேஜரு... பள்ளிக்கோடம்... வராதேன்னுட்டாரு.”

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெபுடி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா இன்னும் நாலைந்து வரி எழுதினார். எல்லாவற்றையும் படித்தார்கள். தடுக்கித் தடுக்கித்தான். ஆனாலும் படித்தார்கள்.

திரும்பும்போது மேனேஜர் என்னிடம் சொன்னார். “நாளைலேருந்து நீயும் வராதே.”

வண்டி ஏறுமுன் அம்மா கேட்டார். “உங்க வேலைக்கு ஏதாவது ஆபத்து வந்துடுமா?”

“போயிடுச்சுங்க.”

அவர் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். “முறை பலிச்சிருக்குன்னு எழுதறேன். ஆனா இந்தப் பள்ளிக்கூடத்தை ஏற்பாட்டுல வச்சுக்க முடியாது. பிள்ளைங்களை மாத்தி வச்சதையும் எழுதித்தான் ஆகணும்.”

“அப்ப எம் புள்ளைங்களுக்குங்க?”

அவர் வண்டியில் ஏறிவிட்டார். வண்டி போய்விட்டது.

அடுத்த வருஷம் தாலூக்காவில் மற்றப் பள்ளிகளுக்கெல்லாம் அந்த முறை வந்தது. படித்துக் காட்டியவர்களுக்கு வரவில்லை. வேறொரு வாத்தியார் வந்தார். பிரம்பு அலமாரியிலிருந்து இறங்கியது என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சில மாதம் கழித்துச் சித்தேரி மலையில் ஒரு ஜில்லா போர்டுப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயும் சட்டையில்லாத பிள்ளைகள்தான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மேலிடத்திலிருந்து யார் பார்க்க வந்தாலும் உன் வகுப்பை உள்ளபடி காட்டு. இரவல் பிள்ளையைக் காட்டினால், அவர்கள் இரவல் பிள்ளைக்குத்தான் பாடம் எழுதி அனுப்புவார்கள். வண்டி அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். பாடம் உன்னிடம் இருக்கும். அதைப் படிக்க வேண்டியவன் கடலைக் காட்டில் இருப்பான்.