குகனின் போனில் மீதி இருபத்துமூன்று நிமிடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழுந்து போய்த் தேநீர் ஊற்றுகிறவன் நான். சகுனம் பார்ப்பதெல்லாம் என் மனைவி வசந்தியின் வேலை, டென்மார்க்கில் பல்லி இல்லாதது அவளுக்கு இன்றைக்கும் ஒரு குறை. நான் பஸ் ஓட்டுகிறவன். கோப்பன்ஹேகனைச் சுற்றி இருபத்திரண்டு வருடம், விடியற்புறத்தில் மயானத்துக்கு முன்னால் இருக்கிற தரிப்பில் ஆளே இல்லாமல் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், ஒரு பேயும் ஏறவில்லை, ஏறியிருந்தால் கார்டைக் காட்டச் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் ஒன்று, இதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை, கோபம்.

கோபம் குகன் மேல். குகன் யாரென்று சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள், டேனிஷ் படிக்கப்போன வகுப்பில் ஒரே மேசையில் இருந்தவர்கள். அவன் கோல்டிங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டு போனான், நான் கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்திலேயே, டோஸ்ட்ருப்பில் நின்றுவிட்டேன். நாற்பத்தைந்து வயதில் இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சீனி வருத்தம் வந்தது, டாக்டர் நடக்கச் சொன்னார், நாங்கள் ஓடத் தொடங்கினோம். ஓட்டம் விசராகப் பிடித்துவிட்டது. வெயில் காலத்தில் ரோட்டில் ஓடலாம். ஆனால் நவம்பர் பிறந்தால் பாதையெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ், நான் ஒருமுறை விழுந்து கை மணிக்கட்டை உடைத்துக்கொண்டு ஆறு கிழமை ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் வீட்டில் இருந்தேன். அதற்குப் பிறகு குளிர்காலம் முழுவதும் ட்ரெட்மில்தான். எனக்கு எங்கள் குடியிருப்பின் நிலக்கீழ் அறையில் ஒன்று இருக்கிறது, சலவை அறைக்குப் பக்கத்தில், எப்போதும் சோப்புத்தூள் மணம். குகன் தன் வீட்டுக் கராஜுக்குள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தான்.

ட்ரெட்மில்லில் மூன்று மணித்தியாலம் தனியாக ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? சுவரைப் பார்த்துக்கொண்டு ஓடுவது போல ஒரு தண்டனை கிடையாது. அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். ஞாயிறு பின்னேரம் ஒருவர் மற்றவருக்குப் போன் எடுப்பது, காதில் மாட்டுவது, ஓடத் தொடங்குவது. கதைப்பதில்லை. அவன் மூச்சு எனக்குக் கேட்கும், என் காலடி அவனுக்குக் கேட்கும், அவ்வளவுதான். நடுவில் இருநூறு கிலோமீட்டர் இருந்தாலும் பக்கத்தில் ஓடுகிற மாதிரி இருக்கும். அவன் காலடி எனக்கு அத்துப்படி. இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் வைப்பான்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். முந்தின வருடத்துக்கு முந்தின மே மாதம் கோப்பன்ஹேகனில் ஒரு மாரத்தான். இரண்டு பேரும் பெயர் கொடுத்து ஆறு மாதம் பாடுபட்டோம். சனிக்கிழமை குகன் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். ஞாயிறு காலை சேர்ந்தே புறப்பட்டு, நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் தோளோடு தோள் ஓடினோம். முப்பதாவது கிலோமீட்டரில் நான் இழுத்துப் பறித்துக்கொண்டு சொன்னேன், "மச்சான், மெடலைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்ப வேணும்." அவன் சொன்னான், "ஓமடா, அனுப்புவம்."

முடிவுக் கோட்டைத் தாண்டி, மெடலைக் கழுத்தில் போட்டு, ஓடி முடித்தவர்களுக்குக் குளிராமல் போர்த்தக் கொடுக்கிற வெள்ளித் தாளைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது என் கையைப் பிடித்தான். யாழ்ப்பாணத்தில் அப்பா சனிக்கிழமை பின்னேரமே செத்துப்போனார் என்று அப்போதுதான் சொன்னான். ஊரில் இருக்கிற என் அண்ணன் எனக்குப் போன் எடுக்காமல் இவனுக்கு எடுத்திருக்கிறார், "தம்பி ஓடி முடிக்கட்டும், ஆறு மாசம் பாடுபட்டவன், பிறகு ஆறுதலாச் சொல்லு" என்றாராம். இவனும் தலையாட்டியிருக்கிறான். இரவு என் வீட்டில் என் மனைவி கொடுத்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, என் பக்கத்து அறையில் படுத்து, காலையில் என்னோடு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறான். பகிடி வேறு விட்டுக்கொண்டு.

சனி இரவே சொல்லியிருந்தால் ஞாயிறு காலை விமானம் ஏறி, திங்கள் பின்னேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். நான் போய்ச் சேர்ந்தது செவ்வாய் இரவு. சாம்பல்தான் இருந்தது.

அண்ணனைத் திட்டினேன், அவர் அழுதார், அது அங்கேயே முடிந்துவிட்டது. குகன் அழவில்லை. "நான் செய்தது சரி, எங்கடை ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதானே, சோதனை எழுதப் போற பிள்ளைக்குச் சாவைச் சொல்லுறவையோ?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டான். நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? வாய்க்கு வந்தபடி ஏசினேன், அவனும் ஏசினான், அவன் வாயும் லேசுப்பட்ட வாய் இல்லை. அன்றோடு கதை பேச்சு நின்றது. மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வராமல் தலைகீழாக நின்றாலும் கதைப்பதில்லை என்று நானும் முடிவு எடுத்தேன். இந்த மே மாத மாரத்தானுக்குப் பெயர் கொடுத்ததும் அந்தக் கோபத்தில்தான், அவன் இல்லாமல் தனியாக ஓடி முடித்துக் காட்ட.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு. வெளியே பனி கொட்டியது. காலை வேலை முடித்து வந்து, இரண்டு மணிக்குக் கீழே இறங்கி ட்ரெட்மில்லில் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டு மணி ஏழு நிமிடத்துக்குப் போன் அடித்தது. பார்த்தால் குகனின் பெயர்.

இருபது மாதத்துக்குப் பிறகு. எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. ஏசிக் கிழிக்கலாம் என்றுதான் போனைக் காதில் வைத்தேன். ஆனால் காதில் கேட்டது பேச்சு இல்லை, மூச்சு. பெல்ட்டில் விழுகிற காலடி. இடது காலை இழுத்து வைக்கிற அதே காலடி.

சரி, வாயைத் திறக்க வெட்கப்படுகிறான், பழையபடி ஓடிக் காட்டிச் சமாளிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். முதல் சொல் அவன்தான் சொல்ல வேண்டும். நான் ஏன் சொல்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். வேகத்தைக் கூட்டினேன், அவனும் கூட்டினான். குறைத்தேன், குறைத்தான். எங்கள் ட்ரெட்மில் ஒரு மணித்தியாலம் ஆனதும் தானாக நின்றுவிடும், பிறகு தொடங்குகிற பொத்தானைத் திரும்ப அமத்த வேண்டும். அது நின்றதும் காதில் அந்தக் காலடியும் நின்றது. நான் திரும்ப அமத்தினேன், அதுவும் தொடங்கியது. என்னை நக்கலடிக்கிறான் என்று இன்னும் கோபம் வந்தது. இரண்டாவது மணித்தியாலம் முடிந்தபோதும் அதே.

ஐந்து மணி ஆகப்போகிறது, சின்ன ஜன்னலில் இருட்டு. முப்பதாவது கிலோமீட்டர் முடிகிற நேரம் என்னால் அடக்க முடியவில்லை. ஓடிக்கொண்டே கத்தத் தொடங்கிவிட்டேன். அப்பாவைப் பற்றி, மெடலைப் பற்றி, "ஓமடா, அனுப்புவம்" என்றதைப் பற்றி, இருபது மாதமாக வயிற்றுக்குள் கிடந்த எல்லாவற்றையும். அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை, காலடி மட்டும். என் கத்தலைக் கேட்டு, சலவைக்கு வந்த டேனிஷ் பெண் ஒருத்தி கூடையோடு கதவைத் திறந்து, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ட்ரெட்மில்லை நிறுத்தி, போனையும் வெட்டிவிட்டு மேலே போய்க் குளித்தேன். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நானே என் விரலால் வெட்டினேன்.

ஆறு மணிக்குக் குகன் போன் எடுத்தான். எடுத்தவுடனேயே ஏச்சு.

"உனக்கு வெக்கமில்லையோ? இவ்வளவு காலமும் கதைக்காமல் இருந்திட்டு, எனக்குப் போனை எடுத்துப்போட்டு வாய் திறக்காமல் ஓடுறாய். நான் என்ன உனக்குக் கூலிக்கு ஓடுறவனோ?"

"டேய், நீதான் எடுத்தனி. நான் ஏன் உனக்கு எடுக்கிறன்?"

"பொய் சொல்லாதை. என்ரை போனிலை கிடக்கு!"

பத்து நிமிடம் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். கடைசியில் ஆளுக்காள் போன் திரையைப் படம் எடுத்து அனுப்பினோம். நம்பினால் நம்புங்கள், என் போனில் இரண்டு ஏழுக்குக் குகனிடமிருந்து வந்த அழைப்பு. அவன் போனில் இரண்டு ஏழுக்கு என்னிடமிருந்து வந்த அழைப்பு. யாரும் யாருக்கும் எடுக்கவில்லை. என்னுடையது இரண்டு மணித்தியாலம் ஐம்பத்தொரு நிமிடம். அவனுடையது மூன்று மணித்தியாலம் பதினாலு நிமிடம்.

நான் வெட்டின பிறகு இருபத்துமூன்று நிமிடம்.

"நான் ஐஞ்சு மணிக்கு முந்தியே வெட்டிப்போட்டனடா."

"விசர்க் கதை கதையாதை. நீ நிப்பாட்டாமல் நான் நிப்பாட்டுறதோ எண்டுதான் நானும் விடாமல் ஓடினனான்."

"இடையிலை ரெண்டுதரம் நிண்டாய்தானே?"

"நான் ஒருக்காலும் நிக்கேல்லை. நீயும் நிக்கேல்லை."

"அப்ப நான் ஏசினது?"

"நீ எங்கை ஏசினாய்? மூச்சுத்தானே விட்டுக்கொண்டிருந்தாய். கடைசியிலைதான்..."

அதோடு நிறுத்திவிட்டான். கடைசியில் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றான். திரும்பவும் கேட்டேன். "அதை விடு மச்சான்" என்றான். இருபது மாதத்துக்குப் பிறகு மச்சான். குரலில் இருந்த சூடு அப்படியே இறங்கிப்போயிருந்தது.

அடுத்த நாள் போன் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் என் எண்ணில் வந்த அழைப்பும் இல்லை, போன அழைப்பும் இல்லை என்றாள். அவளோடும் சண்டை பிடித்தேன். அவள் பாவம், திரும்பத் திரும்பத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

இரண்டு நாள் விடாமல் குகனுக்கு எடுத்தேன். புதன்கிழமைதான் வாயைத் திறந்தான்.

"கடைசியிலை கதைச்சது நீதான் மச்சான். உன்ரை குரல்தான். நல்லாக் களைச்சுப் போன குரல். ஒரு விசயம் சொன்னாய். சொல்லிப்போட்டு, 'நான் ஓடி முடியுமட்டும் எனக்குச் சொல்லாதை' எண்டும் சொன்னாய்."

"நானோ?"

"நீதான்."

"என்னடா சொன்னது? இப்ப சொல்லு!"

"மே மாசம் கோட்டைத் தாண்டு. அதிலை வந்து நிண்டு சொல்லுறன்."

"ஓடாட்டி?"

"ஓடாட்டி நான் சொல்ல ஏலாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவனோடு எதற்காகக் கோபித்தேனோ, அதையே திரும்பவும் செய்கிறான், அதுவும் நானே கேட்டேன் என்று சொல்லிக்கொண்டு. யாருக்கு என்ன ஆகப்போகிறது? அண்ணனுக்கா? தினமும் எடுத்துப் பார்க்கிறேன், மனுசன் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். ஓர்ஹூஸில் படிக்கிற என் மகளுக்கா? அவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுக்கிறேன், "அப்பா, ஸ்டொப்" என்று டேனிஷில் கத்துகிறாள். வசந்தி நித்திரை கொள்ளும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். டாக்டரிடம் போய் என் இதயத்தையும் பார்த்தாயிற்று, குதிரை மாதிரி இருக்கிறது என்கிறார். வசந்தி இதெல்லாம் கேட்டுவிட்டு மாரத்தானே வேண்டாம் என்று அழுகிறாள். ஓடாவிட்டால் தெரியாமலே போய்விடும். ஓடினால், அந்தக் கோட்டுக்கு அப்பால் குகன் நிற்பான். நான் இன்னும் பெயரை வெட்டவில்லை. ஞாயிறுகளில் கீழே இறங்கி ஓடுகிறேன், போனை மேலே வீட்டில் வைத்துவிட்டு.

குகனைத் தினமும் ஏசுகிறேன். நாய் என்கிறேன், துரோகி என்கிறேன், அவன் வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்கிறேன். முந்தி நான் ஒன்று சொன்னால் ஒன்பது சொல்கிறவன், இருபது மாதம் வீம்புக்குக் கதைக்காமல் இருந்தவன். இப்போது திருப்பி ஒரு சொல் ஏசுவதில்லை. நேற்றும் அரை மணித்தியாலம் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக, "சாப்பிட்டியோ மச்சான்?" என்று கேட்டான்.