கயிற்றைத் தொட்டவர்களின் பங்கு

"இன்னைக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டாள் ஃபிலோமென்.

"முப்பத்தொண்ணு," என்றார் அல்சீத் மாமா.

"தலைக்கு ரெண்டு பாரை மீனு. மூணு பிள்ளைங்களுக்கு நான் என்னத்த ஆக்கிப் போட?"

"ஹோட்டல்காரங்களும் கயித்தத் தொட்டாங்கல்ல."

"போட்டோவுக்குச் சிரிச்சாங்க. அந்தச் செவப்புத் தொப்பிக்காரன் இழுத்ததவிடத் தொங்கினதுதான் அதிகம்."

"தொங்கினவனும் தொட்டவன்தான்."

"அப்போ நாளைக்கு என் ஆட்டக் கொண்டாந்து கட்டுறேன். அதுக்கும் ரெண்டு குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்காமல் மீனைக் கூறு வைத்துக்கொண்டே போனார்.

கரீபியன் தீவான செயிண்ட் லூசியாவில், எங்கள் குடாவில் கரையில் நின்று இழுக்கும் ஒரே கரைவலை அவருடையது. காலையில் வலைக்கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் பங்கு உண்டு. அவர்மேல் நிலவழக்குப் போட்டவனே ஒருநாள் வந்து இழுத்தான், அவனுக்கும் போனது.

குடாவின் வடகோடியில் ஹோட்டல் திறந்து இரண்டு வருடமாகிறது. அங்கே வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. காலை நடைக்கு வரும் விருந்தினர்கள் ஆசையாகக் கயிற்றைப் பிடிப்பார்கள். மாமா அவர்களுடைய மீனை வாதுமை இலையில் சுற்றி நீட்டுவார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். ஹோட்டல் அறைகளில் அடுப்பு கிடையாது. மதியத்துக்குள் அந்த மீன் ஹோட்டல் மதில்மேல் எறும்பு மொய்த்துக் கிடக்கும். நான் பார்ப்பேன். மாமாவிடம் சொன்னதில்லை.

சமையலறைக்கு இறால் கொடுக்க வந்த அன்று அவரே பார்த்தார். ஒவ்வோர் இலையாகப் பிரித்து முகர்ந்தார். பிறகு வெயிலிலேயே மதிலோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைத்தார்.

அடுத்த மாதம் ஃபிலோமென் ஹோட்டலில் துணி துவைக்க வந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கயிற்றை இழுக்கத் தெரிந்த கைகள் குறைந்தன. ஒரு காலை வலை பாதியில் பாறையில் சிக்கிக் கிழிந்தது. விருந்தினர்கள் அதையும் படமெடுத்தார்கள்.

அன்று பிற்பகல் மாமா தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னைத் தேடி ஹோட்டலுக்கு வந்தார். கால் மணலைத் தரையில் உதிர்க்காமல் வாசலிலேயே நின்றார்.

"மாமா, உள்ள வாங்க."

"இருக்கட்டும். பிள்ளை, நீ ரெண்டு பாஷை படிச்சவ. எனக்கு ஒரு பலகை எழுதிக் குடு. நின்னு பாக்கலாம், கயித்தத் தொடவேணாம்னு. இங்கிலீஷ்ல மட்டும் எழுது. நம்ம கிரியோல் பாஷைல வேணாம். இத என் வாயால யாருக்கும் சொன்னதில்ல. கொஞ்சம் மரியாதையா எழுது."