விசாலாட்சி எடுத்த பின்னப் பாடம்

பொங்கோலில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு முதல்வராக வந்தபோது விசாலாட்சிக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் நெடுங்காலம் கணித ஆசிரியை. துறைத் தலைவர், துணை முதல்வர் என்று பதவி உயர உயர, வகுப்பறை அவரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போனது. அவருடைய அறைக்கு நேர் மேலே தொடக்கநிலை இரண்டாம் வகுப்புகள். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் காலையில் கீழே இறங்கி வரும். மண்டபக் கூரைக் கசிவைப் பற்றிக் ஒப்பந்தக்காரருடன் பேசிக்கொண்டிருப்பார். சத்தம் கேட்டதும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்.

ஞாயிறன்று தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனாலும் யாராவது பெற்றோர் பிடித்துக்கொள்வார்கள். "மேடம், கேண்டீன்ல மீ கோரெங் ரொம்ப உறைக்குதாம் லா." "ஸ்கூல் பஸ் தினமும் லேட் மேடம்." எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பாடம் எப்படி நடக்கிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

"கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாதுங்க," என்றார் ஒருநாள், கணவர் செல்வராஜிடம்.

"நீ பிரின்சிபல். டீச்சர் இல்லையே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

மறுவாரத்திலிருந்து வகுப்புகளுக்குப் போய்ப் பின்னால் உட்காரத் தொடங்கினார். முதலில் போனது நிரஞ்சனாவின் வகுப்புக்கு. தொடக்கநிலை நான்கு, கணிதம். நிரஞ்சனா வேலைக்கு வந்து சில வருடங்களே ஆன, சுறுசுறுப்பான பெண். கேட்ட கேள்விக்கெல்லாம் கைகள் உயர்ந்தன, எல்லாப் பதிலும் சரியாக இருந்தது. மனம் நிறைந்து வெளியே வந்தவரின் காதில், தண்ணீர் குடிக்க வந்த ஒரு சிறுமி தோழியிடம் சொன்னது விழுந்தது. இதே பாடத்தை நேற்றும் நடத்தினார்களாம். இன்று சீக்கிரம் முடிந்துவிட்டதாம்.

அவருக்குக் கோபம் வரவில்லை. எந்த இடத்துக்காக இத்தனை வருடம் ஏங்கினாரோ, அந்த இடம் அவர் உள்ளே நுழைந்ததும் நாடகமாக மாறிவிடுகிறது.

பள்ளி விட்டதும் நிரஞ்சனாவை அழைத்தார்.

"இந்தப் பாடத்த நேத்தே எடுத்துட்டீங்களாமே?"

நிரஞ்சனாவின் முகம் வெளுத்தது. "சாரி மேடம். நீங்க வர்றீங்கன்னதும் பயமாப் போச்சு. அப்ரைசல் நேரம் வேற."

"சரி, விடுங்க. அடுத்த வாரம் உங்க கிளாஸ நான் எடுக்கிறேன். நீங்க பின்னாடி உக்காருங்க. முடிஞ்சதும் எங்க தப்புன்னு சொல்லணும்."

"நானா மேடம்?"

"நீங்கதான்."

அந்த வாரம் முழுக்க விசாலாட்சி சாப்பாட்டு மேசையில் வண்ணத்தாள்களைப் பரப்பி வெட்டிக்கொண்டிருந்தார். "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்க," என்று செல்வராஜ் சிரித்தார்.

பாடம் நன்றாகத்தான் தொடங்கியது. பலகையில் ஒரு லாப்பிஸ் கேக்கை வரைந்து, பாதி பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டார். பாதி என்று வகுப்பே கத்தியது. ஹுய் மின் என்ற சிறுமி மட்டும், மூன்றில் ஒரு பங்குகூடப் பெரிதாக இருக்கலாமே என்றாள். விசாலாட்சி கடிகாரத்தைப் பார்த்தார். எடுக்க வேண்டிய கணக்குகள் இன்னும் நிறைய மிச்சம் இருந்தன. சிரித்துக்கொண்டே, இல்லை, பாதிதான் பெரிது என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். பாடம் மணிக்குச் சரியாக முடிந்தது.

ஆசிரியர் அறையின் மூலையில் இருவரும் தேநீருடன் உட்கார்ந்தார்கள்.

"நல்லா இருந்துச்சு மேடம்."

"நிரஞ்சனா, அதச் சொல்லவா உங்களக் கூப்பிட்டேன்?"

நிரஞ்சனா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஹுய் மின் சொன்னது தப்பில்லையே மேடம்? பெரிய கேக்ல மூணுல ஒண்ணு, சின்ன கேக்ல பாதிய விடப் பெருசா இருக்கலாம்ல. நீங்க அவளத் தாண்டிப் போயிட்டீங்க. அப்புறம் அவ கையே தூக்கல."

விசாலாட்சிக்கு முகம் சுட்டது. நேரம் போதவில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அவர் பாடம் எடுத்த விதத்தைப் பற்றி யாரும் இப்படிப் பேசி எத்தனையோ வருடமாகிவிட்டது. வலித்தது. ஆனால் அந்த வலிக்குள்ளேயே, வெகுநாள் பூட்டிக் கிடந்த சொந்த வீட்டுக்குள் காலடி வைத்தது போலவும் இருந்தது.

"நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேட்டார். நிரஞ்சனா ஒரு தாளை இழுத்துப் பெரிதாக ஒன்றும் சிறிதாக ஒன்றுமாக இரண்டு கேக் வரைந்தாள். தேநீர் ஆறிப்போனது.

மறுநாள் இருவருமாக வகுப்புக்குப் போனார்கள். ஹுய் மின் சொன்னது சரி, நான்தான் அவசரப்பட்டேன் என்று விசாலாட்சி பிள்ளைகளிடம் சொன்னார். ஹுய் மின் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சில நாள் கழித்து நிரஞ்சனாவே வந்து வாசலில் நின்றாள். "நாளைக்கு டெசிமல் தொடங்குறேன் மேடம். போன வருஷமும் பிள்ளைங்களுக்குப் புரியல. வந்து பாக்குறீங்களா?"

"முன்னாடியே எடுத்து வச்சுடாதீங்க."

"ஐயோ, இல்ல மேடம். சொதப்பலாத்தான் இருக்கும்."

அதன்பிறகு கட்டடம், பேருந்து பற்றிய கூட்டங்களைத் துணை முதல்வர் பார்த்துக்கொண்டார். காலை நேரத்தை விசாலாட்சி வகுப்புகளுக்கென்று வைத்துக்கொண்டார். அறிவியல் ஆசிரியர் ஜலாலுதீன் தன் வகுப்புக்கு அழைத்தார். இன்னும் சிலர் அழைத்தார்கள். மூத்த ஆசிரியர்களில் பலர் கடைசிவரை அழைக்கவில்லை. மதிப்பெண்ணும் ஒரே தாவலில் ஏறிவிடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எது ஏன் புரியவில்லை என்ற பேச்சு ஆசிரியர் அறையில் கேட்கத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் மாற்றல் வந்தது. முதல்வர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்தான். இந்த முறை மேற்கே, ஜூரோங்கில் ஒரு பள்ளி. புதிய இடத்தில் முதல் கூட்டத்திலேயே விசாலாட்சி கேட்டார்: "யாராவது எனக்கு ஒரு வகுப்பு கொடுங்கள். நான் எடுக்கிறேன், நீங்கள் பாருங்கள்." எல்லோரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். ஒரு மாதமாகியும் யாரும் கூப்பிடவில்லை.

அவர் மறுபடி கேட்பார். அதுவரை, சில மாலைகளில் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு நிரஞ்சனாவுக்கு ஃபோன் போடுகிறார்.

"இன்னிக்கு என்ன பாடம் எடுத்தீங்க?"

நிரஞ்சனா முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறாள். ரயில் வந்து கதவு திறந்து மூடுகிறது. விசாலாட்சி ஏறாமல் நின்று, "ம், அப்புறம்?" என்று கேட்கிறார்.