ஏரலுக்குப் போன கரண்டு வண்டி

வண்டி வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியவில்லை. நான் குனிந்து பழைய வண்டிக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் தள்ளுங்க" என்று என் மனைவியின் குரல். திரும்பினால் மூக்குக்கு நேரே ஒரு வெள்ளை லோடு வண்டி. உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள்.

சத்தமில்லாமல் பக்கத்தில் வருகிற எதையும் நான் நம்புவதில்லை. நாயானாலும் சரி, ஆளானாலும் சரி.

ஓட்டி வந்தவர் ஷோரூம்காரர். விளாத்திகுளம் பக்கத்து ஆள். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. மீன்கரைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சட்டையைப் பார்த்தால் எனக்கு யோசனை வரும்.

"கரண்டு வண்டி அண்ணாச்சி. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா பழையதக் குடுத்துட்டு இத வச்சிக்கிடுங்க."

"பிடிக்கலேன்னா?"

"பிடிக்கும்."

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். என்னிடம் சொல்லாமல் போய்ப் பேசி, ஏறிப் பார்த்து, கூட்டிக்கொண்டும் வந்துவிட்டாள். சந்தேகம் வண்டியில் தொடங்கவில்லை. அங்கேதான் தொடங்கியது.

எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். அவள் மீன் வியாபாரம். திரேஸ்புரம் கரையில் விடியும்போது ஏலத்தில் எடுப்பாள். ஐஸ் போட்டுப் பெட்டி கட்டுவாள். நான் ஏரலுக்கு ஓட்டுவேன். அங்கே ஒரு மீன்கடை அண்ணாச்சி எங்களிடம்தான் எடுப்பார். அவள் கூடையைத் தலையில் வைத்து பஸ்ஸில் போன காலத்தில் பிடித்த வாடிக்கை அது. அந்த ஒரு கடையை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் கடை விரிக்கும்போது மீன் அங்கே இருக்கவேண்டும். இல்லையென்றால் கொடுக்க ஆள் இருக்கிறது. ஒருவன் பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவையே சுற்றிச் சுற்றி வருகிறான்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, இந்தப் புதியது ஒருநாள் நின்றுபோனால் வாடிக்கை போய்விடும். என் கவலை அவ்வளவுதான்.

அவள் கவலை வேறு. பழைய குட்டியானை வண்டியின் தளம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. அதன் வழியே ரோடு தெரியும். அடுத்த எஃப்.சி. சோதனையில் தேறாது என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள்.

"டீசலக் குடிக்கி, புகையத் துப்புது. நீங்க அதுக்கு தினம் வைத்தியம் பாக்குதீய. எனக்கு இடுப்பு வலின்னா ஒரு தைலம் தடவியிருப்பீயளா?"

"நீ கேக்கலையே."

"அது கேட்டுச்சாக்கும்?"

மறுநாள் காலையில் ஓட்டினேன். சாவியைத் திருப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடுதா?" என்றேன்.

"நீங்கதான டிரைவரு."

பழைய வண்டியை நான் கண்ணால் ஓட்டியதே இல்லை. காதால்தான் ஓட்டினேன். எது தளர்ந்தது, எது காய்ந்தது என்று அதுவே சொல்லும். இதில் ஒரு எண் மட்டும் தெரிந்தது. பழையகாயல் தாண்டும்போது அந்த எண் குறைந்தது. முக்காணிப் பாலத்தில் இறங்கியபோது பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு எழுந்தது.

"இறங்கும்போது கரண்டு திரும்ப ஏறும்னு அவரு சொன்னாருல்லா" என்றாள்.

"கொடுத்ததத் திரும்பத் தாரவன எங்கயாவது கண்டிருக்கியா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் எதிரே வந்த பஸ்காரனிடம் ஏச்சு வாங்கினேன்.

ஏரலில் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வழக்கமாக நாங்கள் போகும்போது திறந்து நிற்பார். காத்திருந்தோம். மீனில் ஐஸ் சொட்டியது.

"அந்த பைக்காரங்கிட்ட எடுத்துட்டாரோ" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்கும் அதே நினைப்பு. இறங்கிப் போய் ஷட்டரைத் தட்டினேன். அண்ணாச்சி உள்ளிருந்து தூக்கினார்.

"எப்ப வே வந்தீரு? உம்ம வண்டி திருப்பத்துல இருமும்லா. அதக் கேட்டுத்தான நான் ஷட்டரத் தூக்குவேன்? இம்புட்டு நேரம் உமக்காவத்தான் உள்ள உக்காந்திருக்கேன்."

மறுநாளிலிருந்து திருப்பத்தில் ஹாரன் அடித்தேன். அதன் ஹாரனும் வண்டிக்குத் தகுந்தாற்போல மெலிந்த குரல்தான்.

கரையில் கேலிக்குக் குறைவில்லை.

"என்ன மச்சான், செல்போன ஓட்டிக்கிட்டு வாரீரு?"

"மழ வந்தா ஷாக் அடிக்குமாவே?"

"அடிச்சா உன்னத் தொட்டுட்டுத்தான் விழுவேன்" என்றேன்.

கேலி செய்தவர்கள் எல்லாரும் பிறகு தனித்தனியாக வந்தார்கள். குனிந்து அடியில் பார்த்தார்கள். எத்தனை தூரம் போகும், ஏற்றத்தில் இழுக்குமா என்று கேட்டார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஊருக்கு வெளிய கரண்டு கார் செய்ய ஆலையே வந்துட்டு. இனி எல்லாவனுக்கும் இதுதான் மச்சான். நீரு முதல்ல மாட்டிக்கிட்டீரு, அவ்வளவுதான்." அவர் என்னை நினைத்து வருத்தப்படுகிறாரா, என்னை வைத்து ஆழம் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

என் மனைவிக்கு மட்டும் வண்டி பிடித்துப்போனது. பழைய வண்டியை அவள் தொட்டதில்லை. இதை அவளே கழுவினாள். ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் இருக்கிறது. கடலிலிருந்து தண்ணீரை இறைக்கும். மீன் இறக்கிவிட்டு வருகிற வண்டிகள் எல்லாம் அதன் குழாயில்தான் கழுவும். நல்லதண்ணீரில் கழுவினால் மீன் கவிச்சி போகாது, கடல்தண்ணீரில்தான் போகும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நல்லதண்ணீரைக் கொட்டிக் கழுவ எங்களிடம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு குழாயைப் பிடித்து ஒவ்வொரு மூலையிலும் அடிப்பாள். சார்ஜ் ஏற்றுகிற இடத்துக்கு ஒரு மூடி உண்டு. அதன் இடுக்கில் மீன் செதில் ஒட்டியிருந்தது என்று மூடியைத் திறந்து உள்ளேயும் அடித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கழுவுவதில் எனக்கு என்ன சந்தேகம் வரும்? மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். அதை விட்டுவிட்டேன்.

வாரம் முடிய இருந்தபோது ஒரு காலையில் எண் ஏறவே இல்லை. முந்தின மத்தியானம் வயரைச் சொருகியது நான்தான். சுவர் பிளக்கில் விளக்கு எரிந்தது. அதை நம்பி விட்டுவிட்டேன். வண்டிக்குள் கரண்டு போகவில்லை.

"ஏரல் வர போயிருமா?" என்றாள்.

"போயிரும். திரும்பாது."

அவள் வயரைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க பிடுங்கி வச்சீயளா?"

அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கரையில் ஏலம் தொடங்கியிருக்கும். பழைய வண்டியின் சாவியைத் திருப்பினேன். சும்மா நின்ற கோபம் அதற்கு. தெருவில் இருந்தவர்கள் தள்ளிவிட்ட பிறகுதான் எழுந்தது.

ஏரலுக்குப் பிந்திப் போனோம். கடை வாசலில் பைக்காரனின் பெட்டி இறங்கியிருந்தது. அவன் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை. டீயைக் குடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தான்.

அண்ணாச்சி எங்கள் மீனையும் எடுத்தார். பாதியைத்தான்.

"கோவப்படாதம்மா. கடையத் திறந்து வச்சிக்கிட்டு வெறும் பலகையக் காட்ட முடியுமா? நாளைக்கும் இப்படின்னா நான் அவங்கிட்டதான் எடுக்கணும்."

"நாளைக்கு வந்துருவோம் அண்ணாச்சி" என்றாள்.

மீதிப் பெட்டியைத் திரும்ப ஏற்றினோம். வருகிற வழியில் பழையகாயல் உப்பளத்துக்குப் பக்கத்தில் வண்டி கொதித்து நின்றது. ரேடியேட்டர் ஆறுகிற வரை இறங்கி நின்றோம். வெயில். நிழல் எங்கேயும் இல்லை.

"உண்மையச் சொல்லுங்க" என்றாள்.

"நான் தொடல."

"சத்தியமா?"

"சத்தியம் எதுக்கு? தொடல."

"முதல் நாளே ஒங்களுக்குப் பிடிக்கலல்லா."

"பிடிக்கல. அதுக்காவ ஒன் யாவாரத்துல மண்ணப் போடுவனாளா?"

அவள் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அது புதிது. நான் வண்டியின் மேல் பட்ட சந்தேகம் சுற்றி என் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

மத்தியானம் ஷோரூம்காரர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் வேறெதையும் தொடவில்லை. நேராகச் சார்ஜ் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. செம்பு இருந்த இடம் பச்சையாகக் கிடந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "வண்டியக் கடல்ல முக்குனீயளா?"

ஷோரூம்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் இல்லை. "அண்ணாச்சி, வேணும்னே யாராவது..."

"நான்தான்" என்றாள் என் மனைவி. மீன் அலசின கையோடு வாசலில் நின்றாள். "நான்தான் கழுவுனேன். மூடியத் தொறந்து நல்லா அடிச்சுக் கழுவுனேன். செதிலு இருந்துச்சு."

"கடத்தண்ணியிலயாக்கா வண்டியக் கழுவுவாங்க?"

"பெறவு எதுல கழுவ? குடிக்கதுக்கே லாரி வந்தாத்தான். இந்தக் கரையில எல்லா வண்டியும் அதுலதான் குளிக்கி. ஒங்க ஊருல கடல் இல்ல. ஒமக்கு எப்படித் தெரியும்? இங்க கொண்டுவந்து விக்கதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்லா?"

அவர் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தலையைக் குனிந்து சிரித்தார். புது சாக்கெட் மாட்டினார். வயரைச் சொருகினார். வண்டிக்குள் எண் ஏறத் தொடங்கியது. "இனிமே மூடியத் தொறந்து கழுவாதீய. கடத்தண்ணியக் கண்ணுல காட்டாதீய. அடியில போற வயரும் இதே கதைதான் ஆவும்" என்றார்.

அவள் உள்ளே போனாள். டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன்னால் எனக்கு. அவள் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. நான் கேட்டு வாங்குகிற ஆளும் இல்லை.

டீயோடு பழைய வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தளத்து ஓட்டையைப் பார்த்தேன். அதே குழாய், அதே தண்ணீர். வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். தண்ணீரை யாரும் சந்தேகப்படவில்லை.

"என்ன அண்ணாச்சி முடிவு? இன்னைக்கோட வாரம் முடியுது" என்றார் ஷோரூம்காரர்.

"நாளைக்கு ஏரல் போய்ட்டு வந்து சொல்லுதேன்."

"எந்த வண்டியில?" இதைக் கேட்டது அவள்.

"இதுலதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வீம்புக்குச் சொல்கிறேனோ என்று பார்த்திருப்பாள். வீம்பு இல்லை. பழையது ஏன் கொதித்தது என்று எனக்குத் தெரியாது. இது ஏன் நின்றது என்று கண்ணால் கண்டேன்.

அன்றைக்குச் சுவரில் எரிகிற விளக்கை நம்பவில்லை. பொழுது சாய்கிறவரை போய்ப் போய் வண்டிக்குள் எண்ணைப் பார்த்தேன். காலையில் நிறைந்திருந்தது. அவள் கரையில் நல்ல பாறை மீனாகப் பார்த்து எடுத்தாள். வழக்கத்தை விட ஐஸ் அதிகம் போட்டாள். முக்காணிப் பாலத்தில் பச்சைக் கோடு எழுந்தது. எழட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏரல் திருப்பத்தில் ஹாரன் அடித்தேன். ஷட்டர் இறங்கியே இருந்தது. பைக்காரன் டீக்கடையில் நின்றான். பெட்டியை இன்னும் அவிழ்க்கவில்லை. அவனும் ஷட்டரைத்தான் பார்த்தான். அவள் என் முழங்கையைப் பிடித்து, "இன்னொருக்கா அடிங்க" என்றாள். அடித்தேன். நீளமாக.

ஷட்டர் ஏறியது.

அண்ணாச்சி ஒரு பாறையைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார். பெட்டி எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். "ஒரு தடவ அடிச்சாக் கேக்குது வே. நான் என்ன செவிடனா?" என்றார்.

பைக்காரன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவனுக்கு எங்கே போக்கோ, தெரியாது.

திரும்பி வந்து பழைய வண்டியின் சாவியைக் கொடுத்தேன். ஷோரூம் ஆட்கள் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது ஷோரூம்காரரிடம், "இந்த பேட்டரி எத்தன வருஷம் உழைக்கும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் உழைக்கும் அண்ணாச்சி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் நம்பவில்லை.

இப்போது அவள் வீட்டிலிருந்து ஒரு குடம் நல்லதண்ணீர் கொண்டுவந்து, துணியை நனைத்துத் துடைக்கிறாள். கரையில் இருக்கிற பெண்கள், "ஏளா, வண்டிக்கு நல்லதண்ணியாம், புருசனுக்கு?" என்று சத்தம் போடுகிறார்கள். "அவருக்குக் கடத்தண்ணி போதும், துருப்பிடிக்க மாட்டாரு" என்கிறாள்.

கவிச்சி முழுதாகப் போவதில்லை. நான் தினமும் வயரைச் சொருகும் முன் மூடியைத் திறந்து, விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.