கிணற்று விளிம்பில் ஐரின்

நத்தம் பக்கத்தில் எந்தத் தோப்புக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இல்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வனக்காப்பாளர் ஐரின் சொல்வாள். ஒன்பது வருட வேலையில் மான், நரி, மலைப்பாம்பு என்று அந்தக் கிணறுகளிலிருந்து அவள் தூக்காதது இல்லை. இந்த மாந்தோப்புக் கிணற்றில் மட்டும் இது மூன்றாவது முறை. காலையில் விழுந்த காட்டுமாட்டை வெளியேற்ற, ஜேசிபியை வைத்து ஒரு பக்கக் கரையைச் சரித்துப் பாதை போட வேண்டியிருந்தது. மத்தியானம் அது சேறு சொட்டச் சொட்ட ஏறி மலைப்பக்கம் ஓடியது.

கூட்டம் கைதட்டியது. தோப்புக்காரர் மட்டும் சரிந்த கரையைக் காட்டி எகிறினார்.

“இதை யாரு கட்டித் தருவா? மாட்டை விரட்டத் துப்பில்ல, இதுல யூனிபாரம் ஒரு கேடா?”

“போன தடவையே சுவரு கட்டுறேன்னு சொன்னீகளே, எங்க?”

“கட்டும்போது கட்டுவோம். நீ கிளம்பு.”

ஐரின் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கிணற்று விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஜீப் டிரைவர் ஹாரன் அடித்தார்.

“நீங்க போங்கண்ணே. கொத்தனாரு வந்து முதக் கல்லு வைக்கிற வரைக்கும் இந்தக் கிணத்துக்கு நாந்தான் சுவரு.”